பந்தியில் அமராதவர்கள்

ஒரு நகரத்தின் சிறந்த சமையல் அந்நகரத்தின் ஹோட்டல்களில் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமே என்றாலும், கல்கத்தாவைப் பொறுத்தவரை நெடுங்காலம் அது நிறைவேறாத எதிர்பார்ப்பாகவே இருந்து வந்தது. ஐரோப்பியரின் கேக்கும் தேநீரும் வேண்டுமென்றால் பார்க் தெருவில் 1927-ல் தொடங்கிய ஃப்ளூரிஸ் இருந்தது. கட்லெட்டும் மொகலாய்ப் பரோட்டாவும் வேண்டுமென்றால் திரைச்சீலை மறைத்த சிறு அறைகளோடு கூடிய 'கேபின்'கள் வடக்கிலும் நடுநகரிலும் இருந்தன. பிரியாணிக்கு முகம்மதியர் கடைகளும், நூடுல்ஸுக்குச் சீனர் கடைகளும், தோசைக்கும் காப்பிக்கும் லேக் மார்க்கெட்டில் கோமள விலாஸும் பிரேம விலாஸும் ராமகிருஷ்ண லஞ்ச் ஹோமும் இருந்தன. ஆனால், உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வந்த சமையலுக்கு இடங்கொடுத்த அந்த மகாநகரத்தில், வங்காளியின் சொந்தச் சோறு மட்டும் மரியாதையான ஓர் இடத்தில் விலைக்குக் கிடைக்கவில்லை. அது வீட்டுச் சொத்து. அதை உண்ண வேண்டுமானால் ஒரு வங்காளி வீட்டிலிருந்து அழைப்பு வரவேண்டும். அழைப்பு வருமளவுக்கு ஒரு சிநேகம் முன்னதாக முற்றியிருக்க வேண்டும்.

இதற்கு விலக்கு என்று சொல்லத்தக்கவை 'பைஸ் ஹோட்டல்' என்ற பெயரில் வழங்கிய எளிய சாப்பாட்டுக் கடைகள். ராஷ்பிஹாரி அவென்யுவில் 1915 முதல் நடந்துவரும் தருண் நிகேதன் அவற்றில் ஒன்று. சோற்றுக்குத் தனி விலை, பருப்புக்குத் தனி விலை, மீன் துண்டுக்குத் தனி விலை, உண்ணும் வாழையிலைக்குங்கூடத் தனி விலை என்று வைத்து, கையிலுள்ள காசுக்குத் தக்கபடி ஒருவன் பசியாற வழி செய்த அந்தக் கடைகளை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன். ஆயினும் அவை ஊரை விட்டு வந்து அறையெடுத்துத் தங்கிய குமாஸ்தாக்களுக்கும் மாணவர்களுக்கும் ஏற்பட்டவை. விருந்தாளியை அழைத்துச் செல்வதற்கு ஏற்பட்டவையல்ல.

ஆகவே, கரியாஹாட் நாற்சந்தியிலிருந்து வடக்கே பாலிகஞ்ச் பாரி வரையிலும், கிழக்கே ரயில் நிலையம் வரையிலும் பரந்து கிடக்கும் இந்தப் பாலிகஞ்ச் வட்டாரத்தில், கடந்த சில பத்தாண்டுகளுக்குள் வங்காள வீட்டுச் சமையலை வெள்ளைத் துணி விரித்த மேஜையில் பரிமாறும் உயர்தர போஜனசாலைகள் தோன்றியிருப்பதை ஒரு வியாபாரச் செய்தியாக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை. வக்கீல்களும் வைத்தியர்களும் கிராமத்து நிலவருவாயை நம்பி நகரத்துக்கு வந்த ஜமீன்தார்களும் கட்டிய வீடுகள் இங்கே நிறைந்திருந்தன. சிவப்புச் சிமெண்டுத் தரையும், பச்சை வர்ணம் பூசிய மரச் சன்னல்களும், வண்டி வந்து நிற்கும் முகப்பும் கொண்ட அந்த வீடுகளில் பல இடிக்கப்பட்டு அடுக்குமாடிகளாகிவிட்டன. இடியாமல் தப்பிய வீடு ஒன்றில் 2003-ஆம் ஆண்டு ஒரு போஜனசாலை திறக்கப்பட்டது. அதற்குத் தனியாகப் பெயர் சூட்டாமல், வீட்டின் விலாசத்தையே பெயராக்கி, '6 பாலிகஞ்ச் பிளேஸ்' என்றார்கள். பெயரைக் கேட்பவன் ஒரு கடைக்குப் போவதாக நினைக்காமல் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போவதாக நினைக்க வேண்டும் என்பதே அதன் உட்கருத்து என்று எனக்குத் தோன்றுகிறது. அதே ஆண்டில் கரியாஹாட்டுக்கு அருகேயுள்ள ஏக்டாலியாவில் 'பஜஹரி மன்னா' தொடங்கியது. மன்னா தே பாடிய ஒரு சினிமாப் பாட்டில் வரும் சமையற்காரனின் பெயர் அது.

இவற்றுக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. பீர்லெஸ் ஹோட்டலுக்குள் 1993-ல் 'ஆஹேலி' வந்தது. எல்கின் சந்தில் மீனாட்சி தாஸ்குப்தாவின் குடும்பத்தார் தம் வீட்டிலேயே 1998-ல் 'கியூபீஸ்' நடத்தத் தொடங்கினார்கள்; வங்காளச் சமையலைப் பற்றி நூலெழுதிய அந்த அம்மையாரின் செல்லப் பெயர் அது. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மூத்தது, எலியட் ரோட்டில் 1969-ல் திறந்த 'சுருசி'. அதை நடத்தியது எந்த முதலாளியும் அல்ல. 1932-ல் தொடங்கி, நிர்க்கதியான பெண்களுக்குப் புகலிடம் கொடுத்து வந்த அகில வங்க மாதர் சங்கம். வீடில்லாத பெண்கள் சமைத்துப் பரிமாறியதனால்தான் வங்காள வீட்டுச் சோறு முதல்முதலாக ஒரு கௌரவமான மேஜைக்கு வந்தது என்ற இந்த விவரத்தை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். நான் சொல்ல வந்த விஷயத்துக்கு அது வாசற்படி.

சிநேகிதர்கள் சேர்ந்து இப்படிப்பட்ட இடங்களுக்குச் செல்லும் வழக்கம் ஏன் இவ்வளவு வேரூன்றியது என்று யோசித்தால், அந்தஸ்தைக் காட்டுவதற்காக என்று சிலர் சொல்லும் சமாதானம் எனக்குப் போதுமானதாகத் தெரியவில்லை. கூட்டுக் குடும்பங்கள் கலைந்துவிட்டன. பிள்ளைகள் பெங்களூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். அடுக்குமாடியின் மூன்று அறைகளுக்குள் கிழத்தம்பதி இருவர் எட்டுப் பேருக்கு விருந்து வைப்பது சரீர சக்திக்கு அப்பாற்பட்டது. பத்து வகை செய்து போடாமல் ஒரு மனிதனை வீட்டுக்கு அழைப்பதை அவமானமாகக் கருதும் பழைய வங்காள உள்ளமோ இன்னும் அவர்களை விட்டுப் போகவில்லை. அந்த உள்ளத்துக்கும் இந்தச் சரீரத்துக்கும் இடையே விழுந்த பள்ளத்தை இந்தப் போஜனசாலைகள் தூர்த்திருக்கின்றன. இங்கே விருந்துக்கு அழைத்தவர் உண்மையிலேயே அழைத்தவராகத்தான் நடந்துகொள்கிறார்: பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு, "அவருக்கு இன்னும் ஒரு கரண்டி போடு" என்கிறார், போதும் என்று கையால் தட்டை மறைத்தால் மனம் வருந்துகிறார். பணம் கொடுக்கும் வேளையில் நடக்கும் அந்த அன்பான இழுபறியை நான் ரசிக்கிறேன்.

வங்காளப் போஜனத்துக்கு ஒரு கிரமம் உண்டு. நம் இலையில் உப்பும் ஊறுகாயும் பச்சடியும் கூட்டும் கறியும் தத்தம் இடத்தில் ஒரே சமயத்தில் வந்து அமர்ந்து, உண்பவன் தன் இஷ்டம்போல் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வரலாம். அங்கே அப்படியல்ல. கசப்பில் ஆரம்பித்து, கீரை, பருப்பும் அதற்குத் துணையான வறுவலும், காய்கறி, மீன், மாமிசம் என்று படிப்படியாக ஏறி, பிறகு இனிப்பும் புளிப்புமான சட்னிக்கும் அப்பளத்துக்கும் இறங்கி, தயிரிலும் சந்தேஷிலும் முடிப்பார்கள். ஒவ்வொன்றையும் சிறிது சோற்றோடு தனித்தனியே உண்டு முடித்த பின்னரே அடுத்ததைத் தொடுவார்கள். ஒருவன் தனியாகப் போய் அவசரமாகச் சாப்பிட்டால் இந்தக் கிரமத்தின் பொருள் விளங்காது. அது மெல்ல உண்ண வேண்டிய உணவு. ஒரு பதார்த்தத்துக்கும் அடுத்த பதார்த்தத்துக்கும் இடையே பேச்சு நிகழ வேண்டும். தனி ஒருவனால் எட்டு வகையைத் தருவித்து உண்ண முடியாது என்பதும் ஒரு காரணம். ஆறு சிநேகிதர்கள் கூடி ஆளுக்கொன்று சொல்லி எல்லாவற்றையும் பகிர்ந்துகொள்ளும்போதுதான், ஒரு காலத்தில் ஒவ்வொரு பெரிய வீட்டிலும் தினசரி நடந்த போஜனம் அதன் முழு உருவத்தில் மறுபடியும் எழுந்து நிற்கிறது.

இந்த வட்டாரத்தில் பேச்சும் சாப்பாடும் இரட்டைப் பிள்ளைகள். ராஷ்பிஹாரி அவென்யு 202-ஆம் எண் வீட்டில் கவி புத்ததேவ போஸ் நெடுங்காலம் வசித்தார். 1935-ல் அவர் தொடங்கிய 'கவிதா' பத்திரிகையின் பெயராலேயே அந்த வீடு 'கவிதா பவன்' ஆயிற்று. அங்கே கூடிய எழுத்தாளர்களின் பேச்சு இரவு முதிரும்வரை நடந்தது என்பது இலக்கிய சரித்திரம். வங்காளியின் போஜனக் கலையைப் பற்றி ஒரு முழுக் கட்டுரையே எழுதியவர் அவர். சிறுபத்திரிகைக்காரர் ஒருவர் கவிதைக்குக் காட்டிய அதே சிரத்தையோடு ஒரு குழம்பைப் பற்றியும் எழுதினார் என்பதில் எனக்கு ஒரு தனிப்பட்ட திருப்தி உண்டு.

மரக்கறி தவிர வேறெதுவும் உண்ணாத லேக் மார்க்கெட் தமிழனாகிய எனக்கு இந்தப் போஜனசாலைகளில் என்ன கிடைக்கும் என்று ஊரிலிருந்து வரும் உறவினர்கள் கேட்பார்கள். இளநீர்க்காயில் வேகவைத்த இறாலையும், கடுகரைத்து வாழையிலையில் பொதிந்த மீனையும், ஆவணி மாதத்து இல்சாவையும் தேடித்தான் பெரும்பாலோர் இங்கே வருகிறார்கள் என்பது மெய். ஆனால் மெனு அட்டையில் 'நிராமிஷ்' என்று தலைப்பிட்ட ஒரு பக்கம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் வெங்காயமில்லை, பூண்டில்லை. இஞ்சியும் சீரகமும் பெருங்காயமும் நெய்யுந்தான். வாழைப்பூவை உருளைக்கிழங்கோடும் தேங்காயோடும் வதக்கிய மோச்சார் கண்டோ. பலாமுசைக் கறிபோல் சமைத்த டால்னா. பரங்கியும் கொண்டைக்கடலையும் சேர்ந்த சொக்கா. சுரைக்காயோடு வறுத்த வடகம். காய்களின் தோலைக்கூட வீணாக்காமல் கசகசாவோடு வறுத்தெடுத்த ஒரு துணைக்கறி. எல்லாவற்றுக்கும் முன்னால் சுக்தோ. பாகற்காயும் வாழைக்காயும் கத்தரிக்காயும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் நம்முடைய முருங்கைக்காயும் சேர்ந்து, கடுகும் இஞ்சியும் அரைத்து விட்டு, கடைசியில் பாலும் நெய்யும் சேர்த்து இறக்கிய அந்த வெளிறிய குழம்பில் கசப்பு முதலில் தெரிந்து உடனே பின்வாங்கிக்கொள்ளும்; அதன் பிறகு நாக்கு எதையும் துல்லியமாக உணரத் தயாராகிவிடும். வேப்பம்பூவின் மகிமையை அறிந்த தமிழனுக்கு அதை விளக்க வேண்டியதில்லை.

ஒருநாள் மாலை இப்படியொரு மேஜையைச் சுற்றி நாங்கள் அமர்ந்திருந்தபோது, தோகார் டால்னா வந்தது. கடலைப்பருப்பை ஊறவைத்துக் கரகரப்பாக அரைத்து, இஞ்சியும் பெருங்காயமும் சேர்த்து, வாணலியில் எண்ணெய் விட்டுக் கிளறிக்கொண்டேயிருந்தால், விழுது ஒரு கட்டத்தில் வாணலியின் ஓரத்தை விட்டு ஒன்றாகத் திரண்டு வரும். அதைத் தட்டில் கொட்டிச் சமமாகத் தட்டி, ஆறியபின் சாய்சதுரமாக வெட்டி, பொரித்தெடுத்து, சீரகமும் இஞ்சியும் அரைத்து விட்ட குழம்பில் போட வேண்டும். ஒரு நொடி முந்தி இறக்கினால் பொரிக்கும்போது உதிரும்; ஒரு நொடி பிந்தினால் கட்டையாகும். வந்த துண்டை என் நண்பர், ஓய்வு பெற்ற கல்லூரி ஆசிரியர், விரலால் பிட்டுப் பார்த்தார். உள்ளே சிறு சிறு துளைகள். குழம்பு நடுவரை இறங்கியிருந்தது. அவர் வாயில் போட்டுக்கொண்டு சிறிது நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "மொஷாய், இது எங்கள் பிஷிமாவின் கை. எங்கள் வீட்டில் பதினாலு பேர் இதற்காகக் காத்திருப்போம். ஆனால் அவள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் ஒருநாளும் பார்த்ததில்லை."

பிஷிமா என்பது அத்தை. அந்த அத்தை பதினொன்றோ பன்னிரண்டோ வயதில் கணவனை இழந்து பிறந்த வீட்டுக்குத் திரும்பியவள். அவளுக்கு மாடிப்படிக்கு அடியில் தனி அடுப்பு, தனிப் பாத்திரங்கள். வீட்டார் உண்ணும் புழுங்கலரிசி அவளுக்கு ஆகாது; பச்சரிசி மட்டும், அதுவும் பகலில் ஒரே வேளை. மீனும் மாமிசமும் விலக்கு என்பதோடு நிற்காமல், உஷ்ணம் உண்டாக்கும் என்று வெங்காயமும் பூண்டும் விலக்கு. நம் ஊரில் யாரும் பொருட்படுத்தாத மைசூர்ப் பருப்புங்கூட அங்கே ஆமிஷத்தோடு, அதாவது புலால் உணவோடு, சேர்த்து ஒதுக்கப்பட்டிருந்தது. ஏகாதசியன்று தண்ணீரும் கிடையாது. குளிர்காலத்தில் உளுந்தை அரைத்துப் பூசணித் துருவல் சேர்த்துக் கையாலேயே அடித்து, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு அது மிதக்கிறதா என்று பார்த்து, மாடியில் துணி விரித்து ஆயிரக்கணக்கில் வடகம் இடுவது அவள் வேலை. வருஷம் முழுவதும் அந்த வடகம் வீட்டார் அனைவரின் குழம்பிலும் மிதந்தது. உயர்சாதி இந்துக் குடும்பங்களில் இப்படி ஓர் அத்தையோ பாட்டியோ இல்லாத வீடு அக்காலத்தில் அபூர்வம். அவர்களுடைய தனி அடுப்பிலிருந்துதான், இன்று நான் வெள்ளைத் துணி விரித்த மேஜையில் அமர்ந்து உண்ணும் நிராமிஷப் பக்கத்தின் பெரும்பகுதி பிறந்தது. இது யூகமன்று. வங்காளச் சமையலை ஆராய்ந்தவர்கள் பலரும் ஒப்புக்கொண்ட விஷயம். சித்ரிதா பானர்ஜி, வங்காள விதவைகள் எதையெல்லாம் உண்ணக்கூடாது என்பதைப் பற்றித் தம் குடும்ப அனுபவத்தோடு இணைத்து 1995-ல் 'கிராண்டா' பத்திரிகையில் எழுதிய கட்டுரை அதைப் படித்தவர்களின் மனத்தை விட்டு அகலாது.

இங்கே ஒரு சரித்திர ஒற்றுமை என் நினைவுக்கு வருகிறது. 1856-ஆம் ஆண்டு மே மாதத்தில், ராஜ்யத்தை இழந்த அவதத்தின் நவாப் வாஜித் அலி ஷா கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்தார். மட்டியாபுருஜில் அவர் அமைத்துக்கொண்ட சிறு லக்னோவிலிருந்துதான் கல்கத்தா பிரியாணி பிறந்தது என்றும், அதில் உருளைக்கிழங்கு ஏன் வந்தது என்பதற்கு அரசரின் வறுமை காரணமென்றும், இல்லை அக்கிழங்கின் புதுமையே காரணமென்றும் நகரத்தில் யாரைக் கேட்டாலும் உற்சாகமாகச் சொல்வார்கள். அதே 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், ஈசுவர சந்திர வித்தியாசாகரரின் இடைவிடாத முயற்சியின் பலனாக விதவைகள் மறுமணத்தைச் செல்லுபடியாக்கும் சட்டம் நிறைவேறியது. சட்டம் வந்த பிறகும் பெரும்பாலான பெண்களின் வாழ்க்கை மாறவில்லை. மாடிப்படிக்கு அடியிலிருந்த அடுப்புகள் இன்னும் நூறு வருஷம் எரிந்தன. ராஜ்யமிழந்த ஓர் அரசனின் அடுக்களை கதையாகி, பெருமையாகி, விளம்பரமாகி, ஊரெல்லாம் வழங்குகிறது. வாழ்விழந்த லட்சக்கணக்கான பெண்களின் அடுக்களையோ, நகரத்தின் நாக்குக்கு அதைவிட அதிகமான பதார்த்தங்களைக் கொடுத்திருந்தும், பெயரில்லாமல் கிடக்கிறது.

இதை வங்காளத்தின் பாவம் என்று சொல்லி நாம் கையைத் துடைத்துக்கொள்ள இயலாது. கைம்பெண்ணின் உணவைப் பற்றிய மிகப் பழைய சாட்சியங்களில் ஒன்று தமிழிலேயே இருக்கிறது. புறநானூற்றின் 246-ஆம் பாட்டில், பூதபாண்டியன் தேவியாகிய பெருங்கோப்பெண்டு தீயில் இறங்கப் போகும்போது தன்னைத் தடுக்கும் சான்றோரைப் பார்த்து, நெய் தீண்டாத சோற்றுத் திரளையும் எள் துவையலையும் புளியிட்டு வேகவைத்த வேளைக்கீரையையும் உண்டு, பாயின்றிக் கல்லின்மேல் படுத்துக் காலந்தள்ளும் பெண்டிரல்ல யாம் என்கிறாள். 248-ஆம் பாட்டில், இளமையில் தழையாடையான அல்லி, கணவன் இறந்தபின் வேளை தவறி உண்ணும் புல்லரிசியான கொடுமையை ஒக்கூர் மாசாத்தனார் ஒரு பெண்ணின் வாயிலாகச் சொல்கிறார். இரண்டாயிரம் வருஷத்துக்குப் பின்னும் தஞ்சாவூர் ஜில்லா அக்கிரகாரங்களில் இது தொடர்ந்தது என்பதை நம் தலைமுறையினர் கண்ணால் பார்த்திருக்கிறோம். நார்மடிப் புடவையோடு, விடியுமுன் நீராடி, வீட்டுக்கெல்லாம் சமைத்துவிட்டுத் தான் ஒரு வேளை மட்டும் உண்ட பாட்டிமார்களின் கைப்பக்குவந்தான் இன்று நாம் பெருமையடித்துக்கொள்ளும் மிளகு குழம்பும், நார்த்தை இலைப் பொடியும், சுண்டைக்காய் வற்றலும், பலவகை வடாமும். அந்தப் பாட்டி கல்யாணப் பந்தியில் அமர்ந்து உண்டதை யார் பார்த்தார்கள்?

இவ்விடத்தில் ஒரு வாதத்தை மறுக்க வேண்டியிருக்கிறது. வறுமையும் விலக்குமே கலைக்குத் தாய். மீன் கிடைத்திருந்தால் அந்த விதவைகள் வாழைப்பூவைத் தொட்டிருக்க மாட்டார்கள். ஆகவே அந்தக் கொடுமையிலும் ஒரு நன்மை விளைந்தது என்று படித்தவர்களே பேசக் கேட்டிருக்கிறேன். எனக்கு இது சற்றும் சம்மதமில்லை. கொடுமை எதையும் சமைக்கவில்லை. சமைத்தது அந்தப் பெண்களின் புத்தி. ஒரு வாழைப்பூவை எடுத்து, மடலுக்கு மடல் பிரித்து, ஒவ்வொரு பூவிலிருந்தும் கள்ளனைக் கிள்ளியெடுத்து, கறுக்காமலிருக்க மோர் கலந்த நீரில் போட்டு வைத்த பொறுமையை விலக்கு விதித்த புரோகிதர்களா கற்றுக்கொடுத்தார்கள்? அதே புத்தியும் பொறுமையும் கொண்ட ஒருத்திக்கு வயிறார உண்ணவும், நாலு பேரோடு உட்கார்ந்து சிரிக்கவும் உரிமை இருந்திருந்தால் இதைக் காட்டிலும் சிறந்தவற்றைச் செய்திருப்பாள் என்றே நான் நம்புகிறேன். சமையல் அவளுடையது, பட்டினி அவள்மேல் சுமத்தப்பட்டது. இவ்விரண்டையும் சேர்த்துப் பேசி, பின்னதற்கு முன்னதன் புகழைப் பங்கிட்டுக் கொடுப்பது அநியாயம்.

இத்தகைய போஜனசாலைகளின் விலையைப் பற்றிக் குறைகூறுகிறவர்களோடும் எனக்கு முழு உடன்பாடில்லை. பைஸ் ஹோட்டலில் சொற்ப காசுக்குக் கிடைக்கும் அதே சுக்தோவுக்கு இங்கே பல மடங்கு கொடுப்பானேன் என்பார்கள். கட்டடத்துக்கும் குளிர்சாதனத்துக்கும் விளக்குக்கும் ஒரு பங்கு போகிறது என்பது உண்மையே. ஆனால் வாழைப்பூ ஆய்வதற்கும் தோகா கிளறுவதற்கும் ஆகும் மணிக்கணக்கான உழைப்புக்கு ஒரு விலை உண்டு என்பதை இந்த மெனு அட்டைகள்தாம் முதல்முதலாக எழுத்தில் ஒப்புக்கொண்டன. வீட்டில் அந்த உழைப்பு இலவசமாகக் கிடைத்தது. இலவசமாகக் கிடைத்ததனாலேயே யாருடைய கண்ணிலும் படவில்லை. இன்று இறாலுக்குப் பக்கத்தில் வாழைப்பூவுக்கும் ஒரு தொகை அச்சாகியிருப்பதைக் காணும்போது எனக்குச் சந்தோஷமே. அந்தத் தொகை உரியவளுக்குப் போய்ச் சேரவில்லை என்பதுதான் துக்கம். அவள் இறந்து எத்தனையோ வருஷங்களாகின்றன.

பணம் போய்ச் சேராவிட்டாலும் பெயர் போய்ச் சேரலாம். இதற்கு வங்காளத்திலேயே ஓர் அழகான முன்மாதிரி இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் 'ஆமிஷ் ஓ நிராமிஷ் ஆஹார்' என்ற பெரிய சமையல் நூலை எழுதிய பிரக்ஞாசுந்தரி தேவி, தாகூர் குடும்பத்தைச் சேர்ந்தவர், ஹேமேந்திரநாதரின் மகள், அஸ்ஸாமிய எழுத்தாளர் லக்ஷ்மிநாத் பேஜ்பரூவாவின் மனைவி. விருந்துகளில் என்னென்ன எந்த வரிசையில் வரும் என்பதை அழகாக எழுதி விருந்தினர் பார்வையில் படும்படி வைக்கும் வழக்கத்தை வங்காளத்துக்குக் கொண்டுவந்தவரும் அவரே. அவர் தாம் கண்டுபிடித்த பதார்த்தங்களுக்கு மனிதர்களின் பெயரைச் சூட்டினார்: ராம்மோகன் ராயின் பெயரால் ஒரு புலாவ், கொள்ளுப்பாட்டனார் துவாரகநாதரின் பெயரால் இன்னொன்று, சிற்றப்பா ரவீந்திரநாதரின் ஐம்பதாவது பிறந்தநாளுக்குக் காலிஃபிளவரில் செய்த ஒரு பர்பி. அகாலத்தில் இறந்துபோன தம் மகள் சுரபியின் பெயரால் ஒரு பாயசம். துக்கத்தை ஒரு பதார்த்தத்தின் பெயராக்கிப் பந்திக்குக் கொண்டுவந்து வைத்த அந்தத் தாயின் தைரியத்தை எண்ணும்போதெல்லாம் என் மனம் நெகிழ்கிறது. ஒரு பெயர் மெனுவில் ஏறினால் அது உண்பவர் வாயில் ஏறுகிறது. உண்பவர் வாயில் ஏறியது அவ்வளவு சீக்கிரம் அழியாது.

நான் பார்த்த மெனு அட்டைகளில் ஜமீன்தார்களின் பெயரால் வழங்கும் கறிகள் இருக்கின்றன. நவாபின் பெயரும் சாகிபுகளின் பெயரும் படகுக்காரர்களின் பெயருங்கூட இருக்கின்றன. பிஷிமாவும், டாகுமா என்னும் பாட்டியும் அங்கில்லை. நிராமிஷ் என்ற தலைப்புக்குக் கீழே, இந்தப் பக்கத்திலுள்ளவற்றைச் சமைத்து நமக்குக் கொடுத்தவர்கள் இந்த வீடுகளில் வாழ்ந்த கைம்பெண்கள் என்று ஒரு வரி அச்சிடுவதில் எந்த நஷ்டமும் இல்லை. அந்த வரியைப் படித்து யாருடைய பசியும் குறைந்துவிடாது. குறையுமானால், அப்படிக் குறைகிறவர் மேஜையைச் சுற்றியிருக்கும் சிநேகிதர்களோடு அதைப் பற்றிச் சிறிது நேரம் பேசட்டும். பதார்த்தத்துக்கும் பதார்த்தத்துக்கும் இடையே பேச்சுக்கென்று இடம் விட்ட போஜனந்தானே அது.

பாலிகஞ்சுக்கு வரும் தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்லக்கூடியது இது. தனியாகப் போகாதீர்கள், நாலைந்து பேராகப் போங்கள், மீன் உண்பவரானாலும் உண்ணாதவரானாலும் சுக்தோவில் தொடங்கி, வாழைப்பூவையும் தோகாவையும் தவறாமல் கேட்டு வாங்கி, கிரமத்தைக் கலைக்காமல் மெதுவாக உண்ணுங்கள். உடன் வரும் வங்காளி நண்பரிடம் அவர் வீட்டில் இதை யார் செய்தார்கள் என்று விசாரியுங்கள். சென்னையிலும் மதுரையிலும் பாட்டி கைமணம் என்று பலகை மாட்டி உயர்ந்த விலைக்குப் பாரம்பரிய உணவு விற்கும் ஹோட்டல்காரர்களுக்கும் என் விண்ணப்பம் அதுவே: அந்தப் பாட்டிக்கு ஒரு பெயர் இருந்தது, எந்த வீட்டில், எந்த அம்மாளிடம் அந்தப் பக்குவத்தைக் கற்றீர்களோ, அந்தப் பெயரை மெனு அட்டையில் அச்சிடுங்கள். சாப்பிட வருகிறவர்கள் கேட்டால் அவர்கள் அச்சிடுவார்கள்; ஆகவே, கேளுங்கள்.